மார்லிஸ் ஆன்ட்டியின் கம்பிக்கதவு

"அப்பா, சாசேஜை நான்தான் கொடுப்பேன்!" என்றாள் ஹாட்டி, வண்டியில் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அப்பாவோடு போக அவளுக்கு இதுதான் முதல் தடவை. அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. மார்லிஸ் ஆன்ட்டியின் மாட்டுப் பண்ணையில்தான் ஆண்டுதோறும் வேட்டை. அதற்கு நன்றியாக மான்கறி சாசேஜ் கொடுப்பது வழக்கம்.

"வராந்தா ஃபிரீஸர்ல வச்சிடு கண்ணு" என்றார் வாசலுக்கு வந்த மார்லிஸ் ஆன்ட்டி.

ஹாட்டி மூடியைத் திறந்தாள். அடேயப்பா! உள்ளே கைநுழைக்க இடமில்லை. எல்லாமே வேட்டைக்காரர்கள் கொடுத்த சாசேஜ். அப்பா போன வருஷம் கொடுத்த பொட்டலமும் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. ஹாட்டியின் முகம் சுருங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய இடி வாசலில் காத்திருந்தது.

"இந்த வருஷம் யாரையும் விடப்போறதில்ல, கர்ட்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஆன்ட்டி. "போன வாரம் பறவை சுட வந்தவங்க, ரோட்டோரம் இருக்கற கீழ்க்கதவை மூடாமப் போயிட்டாங்க. என் கன்னுக்குட்டி ரோட்டுக்குப் போய் லாரியில அடிபட்டுச்சு. செத்தே போச்சு."

அப்பா தொப்பியைக் கழற்றினார். "ஐயோ... உங்க நிலம், உங்க இஷ்டம். இத்தனை வருஷம் விட்டதே பெரிசு."

திரும்பும் வழியில் ஹாட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழ்க்கதவு வந்தது. முள்கம்பியும் கட்டைகளும் சேர்த்துக் கட்டிய கதவு. அதை இழுத்து, கம்பி வளையத்தில் மாட்டினால்தான் மூடும். ஹாட்டி இழுத்தாள். ம்ஹூம். அப்பா வந்து தோள்கொடுத்துத் தள்ளிய பிறகே மாட்டியது.

"அப்பா, ஆன்ட்டிக்குத் தோள்வலியாச்சே. தனியா எப்படிப்பா இதை மூடுறாங்க?"

அப்பா மூச்சு வாங்கினார்.

"வருஷா வருஷம் சாசேஜ் கொடுத்தோம். அவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டோமா?"

அப்பா வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக் கதவைத் திறந்த ஆன்ட்டி, "நான்தான் சொல்லிட்டேனே?" என்றார்.

"வேட்டைக்கு இல்ல ஆன்ட்டி" என்றாள் ஹாட்டி. "இத்தனை வருஷம் எங்களை விட்டீங்கள்ல, அதுக்காக. உங்க கீழ்க்கதவைச் சரி பண்ணித் தரட்டுமா?"

ஆன்ட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "செய்யேன், பார்ப்போம்."

மறுநாள் அப்பா கீழ்க்கதவின் கம்பத்தில், கதவை இழுத்து மாட்டுவதற்கு ஒரு இரும்பு நெம்புகோலைப் பொருத்தினார். ஹாட்டி திருகாணிகளை எடுத்துக் கொடுத்து, கடைசி இரண்டைத் தானே முடுக்கினாள்.

ஆன்ட்டி வந்து நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். ஒரே கையில் கதவு மூடிக்கொண்டது. திறந்தார். மறுபடி மூடினார்.

"போன வாரமே இது இருந்திருந்தா..." என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹாட்டி மெல்லக் கேட்டாள். "ஆன்ட்டி, உங்களுக்கு சாசேஜ் பிடிக்காதா?"

"மான்கறியே எனக்கு ஆகாதுடி! சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு வாங்கி வச்சேன். என் நாய்கூட இப்போ மூஞ்சியைத் திருப்பிக்குது!"

அப்பாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றார் ஆன்ட்டி. "கையை வீசிக்கிட்டே வாங்க, புரியுதா?"

வண்டி வெளியே வந்ததும் ஹாட்டி குதித்து இறங்கினாள். ஒரே கையால் கதவை மூடினாள். பிறகு, நன்றாக மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.