பதினேழு ஓம்

மழை தொடங்கியதும் நின்ற கரண்ட் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது கணினியும் தானாக எழும்பியது. ஆனால் வழக்கமாக வரும் மகள் ஜெசிதாவின் கலியாணப் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் சோற்றுப் பருக்கை சிந்தினாற்போல் வெள்ளை எழுத்துகள். பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம், வெறும் தகரப் பேணியை நகத்தால் தட்டுவதுபோல.

அந்தச் சத்தம் ஞானமுத்துவுக்குத் தெரியும். தொண்டையில் புற்று வந்து குரல் போனபின் மனைவி பியாட்றிஸ் பேணியைத் தட்டித்தான் அவரைக் கூப்பிட்டாள். எட்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரி வண்டியில் கடைசியாக ஏற்றியபோது உதட்டை மட்டும் அசைத்து, "போட்டு வாறன்" என்றாள். ஊரில் எவரும் போகிறேன் என்று சொல்வதில்லை, போய் வருகிறேன் என்றுதான். அவளும் சொல்லவில்லை.

அவளுடைய குரல் மிச்சமிருந்தது இந்தப் பெட்டியில் மட்டும்தான். நல்லாயிருந்த காலத்தில் அவள் பாடிய ஞானப்பாட்டுகளை மகள் பதிந்து வைத்திருந்தாள். வேறு பிரதி இல்லை. கரண்ட் போன அந்தக் கணத்திலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பருத்தித்துறையில் கணினி திருத்தும் றூபனுக்குப் போன் எடுத்தார்.

"லினக்ஸ்தானே ஐயா, பயப்பிடாதேங்கோ. கரண்ட் நிண்டதில கோப்புகளின்ரை அடுக்குக் குழம்பிப்போச்சு. நான் சொல்லுற எழுத்துகளை அடியுங்கோ. எஃப், எஸ், சி, கே..."

சீமெந்துக் கல் அரிந்து தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அமத்தினார். திரை ஒரு கேள்வி கேட்டது.

"பேர் அறுந்து கிடக்கிறதுகளைச் சேர்த்து எடுக்கட்டோ எண்டு கேக்குது. ஒய் அமத்துங்கோ. திரும்பத் திரும்பக் கேக்கும். நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்க நத்தார் பண்டிகை வந்திடும் ஐயா. சும்மா அமத்திக்கொண்டே போங்கோ."

நாற்பது வயதில் பியாட்றிஸிடம் எழுத்துப் படித்தவர். வாயால் சொல்லாமல் ஓர் எழுத்தையும் தொட அவருக்கு வராது. ஒய் என்றால் யெஸ், அதாவது ஓம் என்று அவள்தான் சொல்லித் தந்திருந்தாள்.

"ஓம்." அமத்தினார். டிக். "ஓம்." டிக்.

மழை கூரைத் தகரத்தில் அடித்தது. ஈரச் சீமெந்து மணத்துக்குள் எங்கிருந்தோ ஆஸ்பத்திரி டெற்றோல் மணம் கலந்து வந்தது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எட்டு மாதமாகவே அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. எண்ணிக்கொண்டு அமத்தினார். பதினேழு தரம்.

கலியாணப் படம் வந்தது. பாட்டுகள் கிடந்த இடம் வெறுமையாய் இருந்தது.

"காணாமல் போய்க் கிடைச்சதுகளைப் போடுற அடுக்கு ஒண்டு இருக்கு. அதைத் திறந்து பாருங்கோ."

றூபன் வழிகாட்டத் திறந்தார். உள்ளே ஒன்றே ஒன்று. பெயரில்லை, இலக்கம் மட்டும். அமத்தினார்.

பாட்டில்லை. மழைச் சத்தம். இன்றைய மழை, தகரத்தில் விழுவதும் பெட்டிக்குள் விழுவதும் ஒரே மாதிரி.

"இஞ்சேருங்கோ, வரட்டே?" பியாட்றிஸின் குரல். நோய் தொடாத குரல்.

"ஓம்." அது அவருடைய குரல், சற்றுமுன் அமத்தும்போது சொன்னது.

டிக்.

"தெருப் படலை திறந்திருக்கே?"

"ஓம்."

"ஐயா, ஆர் அங்கை கதைக்கிறது?" என்றான் றூபன். போன் அறுந்தது.

"உள்ளுக்கு வரட்டே?"

"ஓம்."

முன்கதவு ஈரத்தில் முனகியது.

"பக்கத்தில இருக்கட்டே?"

"ஓம்."

பக்கத்துக் கதிரையின் பிரம்புப் பின்னல் மெல்லக் கீழே இறங்கியது. கதிரையில் ஆளில்லை.

நிற்பாட்ட அமத்தினார். நிற்கவில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எண்ணினார். பதினான்கு. பதினைந்து. பதினாறு.

"என்னோடை வாறியளே?"

ஞானமுத்து இடக்கையால் வாயை இறுக்கிப் பொத்தினார்.

மழை.

டிக்.

"ஓம்," என்றது பெட்டி, அவருடைய குரலில்.

கதிரையின் பிரம்புப் பின்னல் எழும்பி நேரானது. மேசையில் கிடந்த அவருடைய வலக்கை, ஆரோ பிடித்துத் தூக்குவதுபோல மெல்ல மேலே எழுந்தது. விரல்கள் அகன்றிருந்தன, இடையில் வேறு விரல்கள் கோத்திருப்பதுபோல.