வயிறு உப்பிய கேன்

"சாயங்காலத்துக்குள்ள போலீசுக்குப் போயிடுவாராம் முதலாளி. என் தம்பி செத்துப் பிழைச்சு ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டுக் கிடக்கான். வேணும்னே ஆசிடை மாத்தி ஊத்தி நாசம் பண்ணிட்டான்னு அவன் மேல பழி போடுறாங்க சார்!"

அந்த அக்கா சொல்லி முடிப்பதற்குள் துப்பறிவாளரின் உதவியாளன் செருப்பை மாட்டிவிட்டான். 'அவசரம்' என்ற பட்டப்பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. துப்பறிவாளரோ தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவசரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முலாம் பட்டறையில், தொட்டிக்குள் செம்புக் கைப்பிடிகள் கரையான் அரித்ததுபோல் கிடந்தன. பக்கத்தில் HCl என்று எழுதிய பிளாஸ்டிக் கேன், மூடி திறந்த பிறகும் வயிறு உப்பியபடியே நின்றது.

"லீவு முடிஞ்சு இன்னிக்குக் காலையிலதான் வந்தான். வந்ததும் வராததுமா கைவரிசையைக் காட்டிட்டான்," என்று முதலாளி பொரிந்தார். "கைப்பிடியைச் சுத்தம் பண்ண இந்தக் கேனைத் திறந்து தொட்டியில ஊத்தினான், பழுப்பா புகை கிளம்பிச்சு. கூட எதையோ கலந்திருக்கான்."

ரப்பர் கையுறை போட்டிருந்த மேஸ்திரி தலையாட்டினார். "நான் ஒரு வாரமா நைட்ரிக் பக்கமே போகலீங்க."

அவசரம் துள்ளினான். "சார், HCl-ல நைட்ரஜனே கிடையாது. பழுப்புப் புகைன்னா HNO₃! அப்போ தம்பிதான் நைட்ரிக்கைக் கலந்து..."

அக்காவின் முகம் வெளிறியது. அவசரம் நாக்கைக் கடித்துக்கொண்டான். தன் வாயாலேயே அந்தப் பையனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"ஃபார்முலாவைச் சரியா படிச்சே. கேனைப் படிக்கலையே," என்றார் துப்பறிவாளர். "ரெண்டு ஆசிடும் தனித்தனியா இருந்தா சும்மா கிடக்கும். மூடின கேனுக்குள்ள சேர்ந்தா வாயு கிளம்பிக்கிட்டே இருக்கும். வயிறு இவ்வளவு உப்பணும்னா ராத்திரி முழுக்க மூடியே இருந்திருக்கணும். காலையில வந்தவன் எப்படிக் கலந்திருப்பான்? மேஸ்திரி, நைட்ரிக்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடியே நீங்களா அந்தப் பேச்சை எடுத்தீங்க. கையுறையைக் கழட்டுங்க."

விரல் நுனிகள் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன.

"HNO₃ பட்ட தோல் இது. HCl இப்படிப் பண்ணாது. சோப்பு போட்டாலும் போகாது."

மேஸ்திரி கையுறையைக் கீழே போட்டார். "நேத்து புது லோடு வந்துச்சு. அரைகுறை கேனெல்லாம் இடத்தை அடைக்குதுன்னு முதலாளி கத்தினார். எப்பவும்போல மிச்சத்தை மிச்சத்தோட ஊத்தினேன். எல்லாம் H-லதானே ஆரம்பிக்குது? முதல் எழுத்தைத்தான் பார்த்தேன். அப்புறம்... பயந்துட்டேன்."

அக்கா மேஸ்திரியின் எதிரே போய் நின்றாள். திட்டப் போகிறாள் என்றுதான் அவசரம் நினைத்தான்.

"கண்ணு முழிச்சதும் அவன் முதல்ல உங்களைத்தான் கேட்டான்," என்றாள். "'புகையில மேஸ்திரி அண்ணன் மாட்டிக்கலையே'ன்னு."

மேஸ்திரி முகத்தைப் பொத்திக்கொண்டு தொட்டியோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.