கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "தனியாவா இருக்கப்போறீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் திமிராகவே. மூன்றாவது மாடி, ஒரே அறை, மூலையில் அடுப்பு மேடை, அதையொட்டிக் குளியலறை. கட்டட வரைபடம் வரைவது என் வேலை. நின்ற இடத்திலிருந்தே கண்ணால் அளந்துவிட்டேன், பத்துக்குப் பன்னிரண்டு. கல்லூரி விடுதியில் நான்கு வருடம் இன்னொருத்தியின் மூச்சைக் கேட்டே தூங்கியவளுக்கு அது அரண்மனை.

அந்த இன்னொருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் கொசு. ஆளும் அந்த அளவுதான், பேச்சும் காதோரம் ஓயாது. அவளுக்கு வலிப்பு உண்டு. குளிக்கும்போது கதவைத் தாழிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கோ கூச்சம். அதனால் வெளியே நாற்காலி போட்டு நான் காவல் உட்காருவேன். நாலு மக் தண்ணீருக்கு ஒரு தரம் உள்ளேயிருந்து, "இருக்கியா?" என்பாள். "இருக்கேன், குளிச்சுத் தொலை" என்பேன்.

கடைசி வருடம், ஒரு சாயங்காலம், அவள் உள்ளே இருந்தபோது என் போன் அடித்தது. இந்த வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான். அறைக்குள் சிக்னல் கிடைக்காது. வராந்தாவின் கோடி ஜன்னலுக்குப் போனேன். சேரும் தேதி, வேலை நேரம் எல்லாம் பேசி முடித்து, சிரித்துக்கொண்டே திரும்பினேன். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அம்மாவிடம் வாய் கூசாமல் சொன்னேன், வாசலிலேயேதான் உட்கார்ந்திருந்தேன், கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது என்று. அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ பக்கத்துல இருந்தியே, எனக்கு அது போதும்மா."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பெற்ற பெண்ணைக் கேட்பதுபோலக் கேட்பார். ஒவ்வொரு முறையும் உண்மை தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

புது வீட்டில் முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் சோப்பு வாசனை. நான் காலையில் குளித்தவள். குளியலறைத் தரை அப்போதுதான் நனைந்ததுபோல இருந்தது. பிளம்பரை வரவழைத்தேன். அவர் எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம். பக்கத்து வீடு என்று மனதைத் தேற்றவும் வழியில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் வெறும் ஆகாயம். வரைபடம் போடுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

பிறகு குரல்.

"இருக்கியா?"

கொசுவேதான். பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்? தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். கேள்வி நிற்கவில்லை. துளிக் கோபமில்லாமல், பொறுமையாக, வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு ஆறு மணிக்கு அவள் அம்மா கூப்பிட்டார். வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். அன்று என்னால் விழுங்க முடியவில்லை.

"அம்மா, நான் அங்க இல்லை. போன் பேசப் போயிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

திட்டமாட்டாரா என்று ஏங்கினேன்.

குளியலறைக்குள் யாரோ மக்கைத் தரையில் வைத்தார்கள்.

"பின்னாடி யாரு?" என்றார் அம்மா.

"யாரும் இல்லைம்மா. நான் தனியாத்தான்..."

"இன்னும் பொய் சொல்லாத." குரல் மிகவும் தணிந்திருந்தது. "போனை அவகிட்ட குடு."

கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே இருட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நீட்டினேன்.

ஈரமான விரல்கள் வாங்கிக்கொண்டன.

இப்போது அம்மா தினமும் கூப்பிடுகிறார். என்னிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. "குடு" என்பதோடு சரி. உள்ளே ஒரு மணி, இரண்டு மணி நேரம் கிசுகிசுவென்று பேச்சு. அதுவரை நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். பிறகு கதவிடுக்கு வழியாகப் போன் நனைந்து திரும்பி வரும்.

நேற்று வந்தபோது அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. காதில் வைத்தேன். மகள்தான் கேட்கிறாள் என்று நினைத்து அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"வெளியதான உக்காந்திருக்கா? எழுந்து போனா என்கிட்ட சொல்லு."