முப்பது டிகிரிச் சுவர்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஏழாம் பகல்கூடத்தின் கதவைத் திறப்பது என் வேலை. உப்பளத்தில் இரவு முழுக்க உப்பு வாரிவிட்டு வருகிறவர்கள் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் பாயை விரிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த பழக்கம் அது. தூத்துக்குடியில் நடக்கப் பழகிய குழந்தைகூட வேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் தொடும்.

காலை ஏழு மணிக்குக் கதவை அடைத்தால் மாலை ஆறுக்குத்தான் திறப்போம். இடையில் வெளியே ஐம்பது டிகிரி. கடற்காற்றின் ஈரம் சேர்ந்துகொண்டால் வியர்வை உடம்பிலேயே நிற்கும், காயாது. வியர்வை காயாவிட்டால் எவ்வளவு திடமான ஆளும் சில மணி நேரத்தில் விழுந்துவிடுவார். மின்சாரக் குளிர்பதனமெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுபோயிற்று. எங்களைக் காப்பது உறைசுவர்தான்.

உறைசுவர் என்பது ஒன்றும் மந்திரமில்லை. சுவருக்குள் அறை அறையாகப் பலகைகள். அவற்றுக்குள் உப்பளக் கழிவுநீரில் எடுத்த ஒருவகை உப்பும் தண்ணீரும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றால் அது கட்டி. வெயில் ஏறும்போது பிடி ஒவ்வொன்றாக விடும். வருகிற வெப்பமெல்லாம் அந்தப் பிடிகளை விடுவிப்பதிலேயே செலவாகிவிடும். அதனால் கடைசிக் கட்டி கரையும்வரை அறை முப்பது டிகிரியைத் தாண்டாது. இரவில் சுவர் அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு மறுபடி உறையும். தினமும் இதேதான். நான் உறைசுவர் வாரியத்தின் கண்காணிப்பாளர், பெயர் ஜெசிந்தா. ஏழு வருஷமாகச் சுவர்களோடுதான் என் குடித்தனம்.

அன்று புதுப் பலகைகளுக்கு முதல் நாள். இரண்டு நாளாகக் கூடத்தை அடைத்துப்போட்டு, ஆட்களைப் பேருந்தில் தொலைவில் இருந்த வேறு கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய பலகைகளை எடுத்துப் புதியதை மாட்டியிருந்தார்கள். இதுவரை இல்லாத சுத்தமான கலவை என்று வாரியத்தின் சுற்றறிக்கை பெருமை அடித்துக்கொண்டது. பழைய பலகையில் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். புதியதில் அது இல்லை. டிகிரி காட்டும் திரை மட்டும். திரை இருபத்துமூன்று என்றது.

நூற்று அறுபத்தெட்டுப் பேர் வந்து, சுவரைத் தொட்டு, திருப்தியாகப் பாய் விரித்தார்கள். என் உதவியாளர் சுடலைமுத்துவும் தொட்டுப் பார்த்தார்.

"ஐஸு மாதிரி இருக்குக்கா. புதுசு புதுசுதான்."

எனக்குத் தொடுகிற வழக்கமில்லை. சாவிக்கொத்தால் தட்டுவேன். கட்டியான சுவர் டொக் என்னும். இது தொப் என்றது. அடுத்த பலகையையும் தட்டினேன். அதுவும் தொப். கூடத்தைச் சுற்றி அறுபது பலகைகளையும் தட்டிக்கொண்டே வந்தேன். அதற்குள் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சுவர் குளிர்ந்திருந்தது, உறையவே இல்லை. இதற்கு மிகைக்குளிர்வு என்று பெயர். உறைய வேண்டிய டிகிரிக்குக் கீழே போன பிறகும் திரவமாகவே நிற்பது. யாராவது ஒருவர் முதலில் வரிசையில் நின்றால்தான் மற்றவர்கள் பின்னால் வந்து நிற்பார்கள். கலவையில் ஒரு தூசி, ஒரு பழைய படிகம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உறைதல் தொடங்கும். பாலுக்கு உறைமோர் விடுவதுபோலப் பழைய சுவரின் படிகத்தில் ஒரு சிட்டிகையைப் புதிய சுவரில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அதைப் பிரை என்போம். இவ்வளவு சுத்தமான கலவைக்குப் பிரை தேவையில்லை என்று எவரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதிவிட்டார். அந்தச் சுத்தம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மணி ஐந்து நாற்பது. கங்காணி இசக்கிப்பாண்டியை எழுப்பினேன். அந்த நூற்று அறுபத்தெட்டுப் பேரும் அவர் சொன்னால்தான் அசைவார்கள்.

"எல்லாரும் கெளம்பணும். இந்தச் சுவரு இன்னைக்கு நிக்காது."

"என்ன மேடம் வெளையாடுதீயளா? வந்து கைய வச்சுப் பாருங்க. குளுகுளுன்னு கெடக்கு."

"குளிரும். ஆனா உள்ள சரக்கு இல்ல."

அவருக்குப் புரியவில்லை. அவர்மேல் தப்பில்லை. ஆயுள் முழுக்கத் தொட்டுப் பார்த்தே நம்பியவர். வாயால் விளக்கினால் ஏழு மணி ஆகிவிடும் என்று தோன்றியது. ஒரு பலகையின் வடிகுழாயை உடைத்துத் திறந்தேன். வாரிய முத்திரையை உடைத்தால் வேலை போகும். போகட்டும் என்றிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் பிடித்தேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"கட்டியா இருக்க வேண்டியது இப்படி ஓடுது, பாத்தீயளா?"

பழைய சுவரிலிருந்து எடுத்து டப்பாவில் வைத்திருந்த பிரையில் ஒரு சிட்டிகை போட்டேன். விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் நாலாபக்கமும் ஓடின. டம்ளரின் குளிர்ச்சி என் கையிலேயே போய்விட்டது. வெப்பமானியை விட்டுக் காட்டினேன். இருபத்துமூன்றிலிருந்து முப்பதுக்கு ஏறியிருந்தது. உள்ளே கொஞ்சம் ஊசி, மீதியெல்லாம் நீர்த்த கூழ்.

"பத்துல ஒரு பங்குதான் கட்டுச்சு. அதுக்கே இருந்த குளிரெல்லாம் தீந்துபோச்சு. மிச்சம் கட்டணும்னா ஒரு ராத்திரி வேணும். நம்மகிட்ட ஒரு மணி நேரந்தான் இருக்கு. உச்சிப்பொழுதுக்கு முன்னாடியே இந்தக் கூடம் வேகும் அண்ணாச்சி."

இசக்கிப்பாண்டி டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"எங்க போவ? எட்டாங்கூடத்துல இத்தன பேருக்கு எடம் இருக்காது. பஸ்ஸெல்லாம் டிப்போவுக்குப் போயாச்சு. வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பக்கத்து வரிசைக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணம் இருந்தது. கூடத்துக்குப் பின்னால் இருபத்தொரு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் பழைய சுவர், பிரை போட்டு உறையவைத்தது. ஒவ்வொரு கதவிலும் பெரிய எழுத்தில் 5 என்று எழுதியிருக்கும். அது ஆளெண். சும்மா படுத்திருக்கும் மனிதர்கூட ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுகிறார். ஆள் கூடினால் சுவர் சீக்கிரம் கரையும். ஆகவே பகலில் அந்த எண்ணுக்கு மேல் ஒருவர்கூட உள்ளே இருக்கக்கூடாது. விருந்தாளி, சொந்தம், பிரசவத்துக்கு வந்த மகள், யாராக இருந்தாலும் சரி. அதைக் கதவு கதவாகத் தட்டிச் சரிபார்ப்பவள் நானேதான்.

கூடத்துக் கதவின் பின்பக்கத்தில் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எத்தனை கிலோ கலவை என்பது எனக்கு மனப்பாடம். ஐந்து பேரோடு ஒன்பது பேர் சேர்ந்தால் பத்து மணி நேரம் தாங்கும். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை. கடைசி ஒரு மணி நேரம் சூடு ஏறும். கஷ்டப்படுவோம், சாகமாட்டோம். ஐந்து என்று எழுதியிருந்த இடத்தில் பதினான்கு பேருக்குத் தாங்குகிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. யோசிக்க நேரமில்லை.

சுடலைமுத்துவைக் கூடத்துப் பலகைகளில் பிரை போடச் சொன்னேன். அன்றைக்கு உதவாவிட்டாலும் அடுத்த இரவு உறையும். நானும் இசக்கிப்பாண்டியும் வரிசைக்கு ஓடினோம்.

முதல் வீட்டில் என் முகத்தைப் பார்த்ததும் ஐந்து பேரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். எண்ணிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னையும் கதவில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுதீயளா?"

"நாந்தான் சொல்லுதேன். ஏதும் வந்தா எம்மேல வரட்டும்."

இரண்டு வீடுகள் திறக்கவில்லை. ஒன்றில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, தட்டியதும் நின்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திறக்காதே என்று ஏழு வருஷமாகச் சொன்னவள் நான். மற்ற பத்தொன்பது வீடுகளும் திறந்தன. சிலர் புலம்பிக்கொண்டே திறந்தார்கள், சிலர் வந்தவர்களின் கையிலிருந்த பாயை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒன்பது பேர் என்று இசக்கிப்பாண்டி பிரித்துப் பிரித்து அனுப்பினார்.

கடைசி வீடு பெனிட்டாவினுடையது. வேண்டுமென்றேதான் அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டைச் சோதித்தேன். ஆறாவதாக ஓர் ஆள் இருந்தார். பெனிட்டாவின் அண்ணன் கிளாட்வின். வேம்பாரிலிருந்து படகில் வந்தவர், வழியில் இன்ஜின் பழுதாகி விடிந்த பிறகு கரை சேர்ந்திருக்கிறார். அன்று எங்கள் கூடமும் நிறைந்திருந்தது. நாலு கிலோமீட்டரில் எட்டாம் கூடத்தில் இடம் இருந்தது. வழியைச் சொல்லி அனுப்பினேன். தங்கச்சியின் கையில் இருந்த காப்பியைக்கூட வாங்காமல் சரி மேடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் அவர் உடலை ஓர் உப்புக் குவியலின் நிழலில் கண்டெடுத்தார்கள்.

கதவைத் திறந்த பெனிட்டா என்னை உள்ளே விடாமல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என் பின்னால் எட்டுப் பேர் பாயோடு நின்றார்கள். ஆறு ஐம்பது ஆகியிருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"எட்டுப் பேருதானா?"

"எட்டுதான்."

"நீங்க எங்க போவீய?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. சுடலைமுத்துவுக்கு மூன்றாம் வீட்டில் இடம் போட்டிருந்தேன், எனக்குப் போடவில்லை. என் வீடு ஊருக்கு அந்தப் பக்கம்.

"பாத்துக்குவேன்," என்றேன்.

"உள்ள வாங்க," என்று கையை எடுத்தாள். அன்பாகச் சொல்லவில்லை. கதவை அடைக்க நேரமாயிற்று, அவ்வளவுதான்.

பெனிட்டா, அவள் கணவர், மாமனார், இரண்டு மகள்கள், நாங்கள் ஒன்பது பேர். இரண்டு அறை வீட்டில் பதினான்கு உடம்புகள். அசையாமல் படுத்திருந்தால் சூடு குறைவு என்று சொல்லியிருந்தேன், எல்லாரும் அப்படியே கிடந்தார்கள். சின்னவள் மட்டும் சுவரில் இருந்த கண்ணாடிப் பட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைக் கட்டி குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குப் பாதி. மூன்று மணிக்கு ஒரு சாண். வெப்பமானி முப்பதிலேயே நின்றது. என்னோடு வந்த உப்பளப் பெண்களில் ஒருத்தி குறட்டை விட்டாள். பெனிட்டா எழுந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம் வந்தபோது சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்னவள், "தீந்துட்டும்மா," என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது.

அதன் பிறகு முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. பிடிக்க ஒன்றும் மிச்சமில்லாத சுவர் எங்களோடு சேர்ந்து சூடேறியது. பெனிட்டா துணிகளை நனைத்து என்னைத் தவிர எல்லார் மேலும் போட்டாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கணக்கெல்லாம் போடுதீயள்லா. ஒண்ணு கேக்கேன்."

"கேளு."

"அன்னைக்கு எங்க அண்ணன் உள்ளயே இருந்திருந்தா, சுவரு எத்தன மணிக்குத் தீந்திருக்கும்?"

நான் அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. ஐந்து என்று எழுதியிருந்தது, ஆறு பேர் இருந்தார்கள், அதற்கு மேல் கணக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது போட்டேன். ஐந்து பேர் என்றால் பதின்மூன்று மணி நேரம், இரவு எட்டு வரை. அதில் ஓர் ஆளைக் கூட்டினேன். விடை வந்ததும் தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"ஏழு முப்பத்தஞ்சுக்கு," என்றேன்.

"காலையிலயா?"

"ராத்திரி."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"கதவு ஆறு மணிக்கே தொறந்துருமே," என்றாள்.

"ஆமா."

அவள் அழுதிருந்தாலோ, என்னைச் செருப்பால் அடித்திருந்தாலோ தாங்கியிருப்பேன். இரண்டும் நடக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று இருந்தது. போக முடியாது. கதவைத் திறந்தால் பதின்மூன்று பேர் மேல் அந்த வெயில் விழும். இன்னும் நாற்பது நிமிஷம் நான் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், அந்த வீட்டைச் சூடாக்கிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக.

முப்பத்துநான்கு ஆயிற்று. பெனிட்டா ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அதை என் தலையில் போட்டுவிட்டு, கொஞ்சம் நகர்ந்து சுவரோரமாக இடம் விட்டாள்.

"படுங்க," என்றாள். "உக்காந்தா சூடு கூடும்னு நீங்கதான் சொன்னீய."