தேயிலை மேல் போன படகு

"சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள படகு தண்ணியில கிடக்கணும் பேச்சி. இல்லைன்னா ஊசியோடை காண்ட்ராக்டருக்கு. அப்புறம் வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது."

மீனவர் சங்கத் தலைவர் வேலாண்டி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பேச்சியும் மூக்கைச் சிந்துகிறவள் இல்லை. "கிடக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு கிளம்பினாள்.

கருமுடி அணை கட்டியபோது தேயிலை எஸ்டேட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போனது. அங்கே நின்ற சில்வர் ஓக் மரங்களை யாரும் வெட்டவில்லை. அவை நின்றபடியே செத்து, தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இடம்தான் ஊசியோடை. பரிசல் உருண்டையாக இருப்பதால் மரங்களுக்கு நடுவே நுழையாது. தூரத்தில் நின்று வலை வீசினால் வலை கிழியும். அதனால் அணை நிறைந்த நாளிலிருந்து உள்ளே மீன் வளர்ந்துகொண்டே இருந்தது. கட்லா துள்ளி விழும் சத்தம் கரைவரை கேட்கும். எல்லோருக்கும் இடம் தெரிந்த புதையல் அது. எடுக்கத்தான் வழியில்லை.

சங்கத்தில் ஒரு படகுக்கு ஒரு பங்கு. பங்கு கிடைத்தால் கரையோரம் ஒரு வீடும் உண்டு. பேச்சிக்கு வேண்டியது அந்த வீடு. அம்மா தேயிலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மாதக் கடைசியில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். படகு அமையாவிட்டால் அம்மா, அண்ணன் சுடலை, அவள் மூவரும் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான். சுடலை தகரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியே வைத்துவிட்டான்.

பேச்சி எதையும் கட்டவில்லை. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க மேலே கிடத்தும் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு ஊசியோடைக்கு நீந்தினாள். ஓடையின் வாயில் இரண்டு மரங்கள் கேட்டுத் தூண்போல நின்றன. நடுவே கம்பை வைத்து அளந்து, கத்தியால் ஒரு வெட்டுப் போட்டாள். அதற்குள் அடங்குகிற படகு எதுவோ அதுதான் அவள் படகு.

வெள்ளிக்கிழமை மூவர் மலையிறங்கினார்கள். பேச்சி, சுடலை, மினி லாரி வைத்திருக்கும் ஆரோக்கியம். அடிவாரத்துக் குளத்தில் ஒரு படகுத்துறையை மூடிவிட்டு, இருந்த படகுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் சென்னியப்பன் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஏங்கண்ணு, இந்த அன்னப் படகை எடுத்துக்கறீங்களா? ரெண்டு பேரு மிதிச்சாச் சும்மா ஜம்முனு போகுமுங்க."

"மீன் பிடிக்கப் போறோம் அண்ணே. பொண்ணு பாக்கப் போகல," என்றான் சுடலை.

அடுத்து அலுமினியப் படகு. கம்பை வைத்துப் பார்த்தாள். வெட்டைத் தாண்டி ஒரு சாண் அகலம். காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒற்றை ஆள் கயாக் படகு ஒன்று கிடந்தது. அது நுழையும், ஆனால் வலையை எங்கே வைப்பது? கடைசியில் சுவரோரம் நீளமாக ஒரு சிவப்புக் கயாக். இரண்டு ஆள் உட்காரலாம். நடுவே வலை வைக்கலாம். அகலம் வெட்டுக்குள் அடங்கியது. பேச்சி அதன் ஒரு முனையைப் பிடித்துத் தோளுக்குத் தூக்கினாள்.

"தூக்கிப் பாத்து வாங்கறதுக்கு இதென்னங்க, ஆட்டுக்குட்டியா?"

"தூக்க முடியாததை வாங்கி நான் என்ன செய்யறது? கொழுந்து மூட்டை ஒண்ணரை இருக்கும். பரவாயில்ல."

இரண்டு டயர்மேல் கயாக்கை வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தைக் கையால் தடவினாள். வால் பக்கம் மயிரிழைபோல ஒரு கீறல் கசிந்தது. ஆரோக்கியம் எம்சீல் பிசைந்து அடைத்தான். அது காய்ந்ததும் குளத்தில் இறக்கி, அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து, வேண்டுமென்றே இடமும் வலமும் சாய்ந்தாள். சுடலை கெட்ட வார்த்தை சொன்னான். படகு கவிழவில்லை. அம்மாவுக்கு வந்த ஓய்வுப் பணத்திலிருந்து விலையைக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் லாரியில் ஏற்றினார்கள். கேபின் மேல் டயர் போட்டு, மூக்கு முன்னாலும் வால் பின்னாலும் நீட்டிக்கொண்டிருக்கக் கட்டினார்கள். ஆரோக்கியம் நடுவயிற்றில் கயிற்றை இறுக்கினான்.

"தளர விடு. வெயில்ல பிளாஸ்டிக் இளகும், வயிறு அமுங்கிடும். மூக்கையும் வாலையும் இறுக்கு, போதும்," என்றாள் பேச்சி.

பெரிய ரோட்டில் தொந்தரவு இல்லை. எஸ்டேட் கேட்டுக்குள் திரும்பிய பிறகுதான் வந்தது வினை. மூன்றாவது வளைவில் படகின் மூக்கு பாறையில் இடித்தது. வால் பள்ளத்துக்கு மேல் ஆடியது. ஆரோக்கியம் பின்னே எடுத்தான், முன்னே எடுத்தான், மறுபடி பின்னே எடுத்தான். கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"மேல இருக்கிற வளைவெல்லாம் இதைவிடக் குறுகல். வண்டியை வேணா மடிக்கலாம், படகை மடிக்க முடியாது. சுத்திப் போற ரோடு நாளைக்குத்தான் கொண்டு சேர்க்கும்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் சுடலை.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம்."

அகலத்தை அவ்வளவு கவனமாக அளந்தவள் நீளத்தை அளக்கவில்லை. லைனில் பிறந்த யாரும் செய்திருக்கக்கூடிய தப்புதான் அது. அந்த ரோடு எஸ்டேட் மேனேஜர் துரையின் ஜீப்புக்கும் கொழுந்து டிராக்டருக்கும் போட்டது. மற்றவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கினால் தேயிலைக்குள் புகுந்து நேராக ஏறிவிடுவார்கள். குறுக்கில் ஏறுகிறவர்கள் வளைவை நினைப்பதில்லை.

பேச்சி மலையை அண்ணாந்து பார்த்தாள்.

"நாம வீட்டுக்கு எப்படிப் போவோம்?"

"குறுக்குல."

"அப்ப இதுவும் குறுக்குலயே வரட்டும். இறக்குங்க."

ஆனால் ஒற்றையடிப் பாதை செடிகளுக்கு நடுவே முழங்கை முழங்கையாகத் திரும்பியது. அவ்வளவு நீளப் படகு அதில் திரும்பாது. செடிகளுக்கு மேலாகத்தான் கொண்டுபோக வேண்டும். இடப்பக்கத் தேயிலைக் காடு கவ்வாத்து வெட்டிய காடு. கிளைகளைக் கழித்து மொட்டையாக்கியிருந்தார்கள், குச்சிகள் ஈட்டிபோல நின்றன. அதில் இழுத்தால் படகின் வயிறு கிழிந்துவிடும். வலப்பக்கக் காடு நேற்றுத்தான் கொழுந்து எடுத்தது. மேல்மட்டம் மேசைபோல வழுவழுவென்று இருந்தது.

மூவரும் படகைத் தூக்கி அந்த மட்டத்தின்மேல் வைத்தார்கள். பேச்சி முன்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். படகு இலைமேல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தது. அணைத் தண்ணீரைப் பார்க்கும் முன்னே அது பச்சையில் மிதந்தது.

பக்கத்துக் காட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த கொழுந்துக்காரப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஏ பேச்சி, கப்பல் எந்த ஊருக்கு?" என்று கத்தினாள் மரகதம்.

"உன் வீட்டுக்கு மீன் ஏத்திட்டு வரத்தான் மரகதக்கா. வந்து தள்ளு."

அவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். கூடவே குடையும் கோபமுமாகச் சூப்பர்வைசர் தங்கப்பனும் வந்தார். "யாரைக் கேட்டுக் காட்டுக்குள்ள இறக்கினீங்க? கொழுந்து நாசமானா துரைக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"எந்தக் கொழுந்து சார்?" என்றாள் மரகதம். "நேத்து இதே காட்டுல ஒரு இலை விடாம எங்களைப் பறிக்க வச்சீங்க. இனி துளிர் வந்தாத்தானே நாசமாகும்? குடையை மடிச்சிட்டு ஒரு கை கொடுங்க."

தங்கப்பன் கை கொடுக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

பாதிக்கு மேல் ஏறியபோது மழைத்தூறல் விழுந்தது. ஈர இலையில் படகு எண்ணெய் தடவியதுபோல ஆனது. சுடலைக்குக் கால் வழுக்கியது. அவன் விழுந்ததும் பெண்களின் கைகளிலிருந்தும் நழுவி, படகு பின்வாக்கில் இறங்கியது.

"விலகுங்க!" என்று ஆரோக்கியம் அலறினான்.

முன்கயிறு பேச்சியின் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. அவள் விடவில்லை. பக்கத்தில் நின்ற சில்வர் ஓக்கை ஓடிச் சுற்றினாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மரப்பட்டையில் கயிறு கிறீச்சிட்டு இறுகியது. படகு பள்ளத்தை ஒட்டிய பாறை விளிம்புக்கு இரண்டு செடி முன்னால் நின்றது. உள்ளே இருந்த துடுப்புகளில் ஒன்று மட்டும் பறந்து பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

பேச்சி கையை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. மரகதம் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுற்றிவிட்டாள்.

"திருப்பூர்ல இந்தத் தொந்தரவெல்லாம் இருக்காது," என்றான் சுடலை, முட்டியைத் தடவிக்கொண்டே.

"உன்னால தள்ள முடியுமா முடியாதா?"

"தள்ளுறேன். பேசவும் கூடாதா?"

அதன்பிறகு ஒவ்வொரு மரத்திலும் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். உச்சியைத் தாண்டியதும் இறக்கத்திலும் அதே வேலை. கரைக்கு வந்தபோது சூரியன் அணைச் சுவருக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. கயிறு பாதிக்கு மேல் இற்றுப்போயிருந்தது.

காண்ட்ராக்டர் நடேசன் தன் மோட்டார் படகில் சாய்ந்துகொண்டிருந்தார். சிவப்புக் கயாக் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தார். "தலைவரே, இது டூரிஸ்டுக்காரங்க விளையாடறது. இதைப் போய்ப் படகுன்னு கணக்குல சேர்ப்பீங்களா?"

"நான் படகுன்னுதான் சொன்னேன். கலர் சொல்லல," என்றார் வேலாண்டி. பிறகு பேச்சியின் பக்கம் திரும்பினார். "ஆனா பங்கு மிதக்கிறவளுக்கு இல்ல, மீன் பிடிக்கிறவளுக்குத்தான். உள்ள போய் ஒண்ணோட வா."

பேச்சி முன்னால், சுடலை பின்னால், நடுவே வலையும் மட்டக்கம்பும். ஓடையின் வாயில் இருந்த இரண்டு தூண்களையும் படகு ஒரு விரல் இடைவெளியில் கடந்தது. உள்ளே போனதும் துடுப்பு இரண்டு பக்கமும் மரத்தில் மோதியது. சுடலை அதை மடியில் வைத்துவிட்டான். பேச்சி மட்டக்கம்பை எடுத்து, ஒரு மரத்தில் ஊன்றித் தள்ளி, அடுத்த மரத்தில் ஊன்றித் தள்ளிப் படகை நகர்த்தினாள். தொலைந்த துடுப்பு கையில் இருந்திருந்தாலும் இங்கே உதவியிருக்காது.

வலையை அவள் வீசவில்லை. துணி காயப்போடுவதுபோல இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். இத்தனை காலம் வலையைக் கிழித்த மரங்கள் இப்போது கம்பமாக நின்றன. சுடலை துடுப்பால் தண்ணீரை அடித்தான். வலை அதிர்ந்தது. கட்டியிருந்த மரமே ஆடியது.

"அண்ணே, எழுந்திருக்காத. உக்காந்தே இழு."

இரண்டு பேரும் காலை நீட்டி, முதுகைப் படகில் பதித்து இழுத்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கட்லா உள்ளே விழுந்து சுடலையின் மார்பில் ஓங்கி அறைந்தது.

"ஏ புள்ள, இது மீனா கன்னுக்குட்டியா?"

சூரியன் சுவரைத் தொட்டபோது அவர்கள் வெளியே வந்தார்கள். மீனின் வால் படகுக்கு வெளியே தொங்கியது. வேலாண்டி மீனைப் பார்த்தார், நடேசனைப் பார்த்தார், கீழ்க்கரை வீட்டுச் சாவியை எடுத்துப் பேச்சியின் காயம்படாத கையில் வைத்தார். நடேசன் மோட்டாரைக் கிளப்பினார்.

அன்று லைனில் படகு தள்ளிய எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது. தள்ளாத தங்கப்பனும் வந்து, தலைப்பகுதி வேண்டும் என்று நின்றார். கொடுத்தார்கள்.

பின்னாளில் படகு வாங்கப் போகிறவர்கள் பேச்சியிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. அவள் ஒன்றையே சொல்வாள்: "முதல்ல தண்ணியைப் பாருங்க. அப்புறம் அதுவரைக்கும் போற வழியைப் பாருங்க. படகைக் கடைசியாப் பாத்தாப் போதும். நான் நடுவுல உள்ளதை விட்டுட்டேன், கை உரிஞ்சதுதான் மிச்சம்."

அந்தச் சனிக்கிழமை மீனைக் கூறு போடும் முன்பு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. படகைக் கரையில் கட்ட வேண்டும். இருந்த கயிறு இற்றுப்போய்விட்டது.

"இரு, வர்றேன்," என்று சுடலை லைனுக்குப் போனான். திருப்பூர் போகவென்று தகரப்பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். ஒரு முனையைப் படகில் முடிந்து, மறுமுனையைக் கரையிலிருந்த மரத்தில் சுற்றி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். முடிச்சு இறுகி நின்றது.