தலை பார்த்தவரின் விரல்கள்

போன் அலறியது!

டிடெக்டிவ் றீற்றா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

ஸ்காபரோவில் பிணம்... அதுவும் தமிழர் என்றால், மேலதிகாரிக்கு அவள் பெயர்தான் வாயில் வரும். இது தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். கொலைகாரர்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?

பிளாசாக் கடைகளுக்கு மேல்மாடியில் றோய் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது!

பக்கத்தில், கட்டம் கட்டமாய்க் குணங்கள் எழுதிய பீங்கான் தலை. இரண்டு துண்டாக!

மண்டைப் புடைப்புகளைத் தடவிக் குணம் சொல்வது றோயின் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கொண்டாடி, பிறகு பொய்யென்று கைகழுவிய வித்தை.

வாசலில் இரண்டு பேர். மொட்டைத்தலை இளைஞன் ஜெனோசன். அவனுக்குப் பெண் கொடுக்க இருந்த, கீழ்த்தளத்துக் கடைக்காரர் அலெக்ஸாண்டர்.

"இவன்தான், பிள்ளை, கொலைகாரன்!" அலெக்ஸாண்டர் கத்தினார். " காதுக்கு மேல கொலைப் புடைப்பு இருக்கெண்டு றோய் போன கிழமையே சொன்னவர். நான் கலியாணத்தை நிப்பாட்டினன். அந்தக் கோவம்!"

"மாப்பிள்ளைக்கு மண்டை பாத்தனீங்களோ, அங்கிள்?"

"நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர். சாதகம் பாத்தால் சுவாமியார் ஏசுவார். இது சயன்ஸ், பிள்ளை!"

றீற்றாவுக்குப் பெருமூச்சுதான் வந்தது.

"மிஸ், ஐ ஸ்வேர்..." ஜெனோசன் குறுக்கே புகுந்தான். "இன்னொருக்காப் பாருங்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான். வரேக்கயே செத்துக் கிடந்தார். நான்தான் பொலிசுக்குப் போன் அடிச்சனான்!"

கதவுப் பிடியில் அவன் கைரேகை இருக்கும். கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. விலங்கைப் பூட்டினால் அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

பெடியனின் வாழ்க்கை போய்விடும்!

சலிப்போடு குனிந்து பிணத்தின் கைகளைப் பார்த்தாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்!

பத்து விரல் நுனியும் கறுப்பு. முகர்ந்து பார்த்தாள். தொட்டால் ஒட்டும் மலிவுத் தலைமயிர் டை!

"றோய் கடைசியாத் தடவினது மொட்டைத் தலையை இல்லை. அங்கிள்... நீங்கள் எப்ப டை அடிச்சனீங்கள்?"

எழுபதைத் தொட்ட அலெக்ஸாண்டரின் உச்சந்தலை கரிக்கறுப்பாய் மின்னியது.

"காலமை... ஏன்?"

"இண்டைக்கு றோயிட்டைத் தலையைக் காட்டினீங்களோ?"

"இல்லை! கடையை விட்டே அசையேல்லை. பொலிஸ் வரத்தான் மேல ஏறினன்..."

"அப்ப காதுக்கு மேல, விரல் பட்ட இடமெல்லாம் நரை தெரியுதே?"

அலெக்ஸாண்டர் சுவரில் சாய்ந்தார்.

"மகள் எமில்டாதான், முதல்ல உங்கட தலையைக் காட்டுங்கோ அப்பா எண்டாள். காட்டினன். பெடியனைவிடப் பெரிய கொலைப் புடைப்பு உங்களுக்குத்தான் எண்டு றோய் சிரிச்சான், பிள்ளை! பொய்யன்! தாங்கேலாமப் போச்சு..."

அது பொய்யென்று காட்டத்தான் மனிதர் பீங்கான் தலையைத் தூக்கியிருக்கிறார்!

றீற்றா அவர் கையில் விலங்கைப் பூட்டினாள்.

"மிஸ்... அப்ப எங்கட கலியாணம்?" ஜெனோசன் கேட்டான்.

"தாராளமா நடத்தும், தம்பி. மாமனார் வந்து நிப்பாட்டுறதெண்டால் முதல்ல அவருக்குப் பரோல் கிடைக்கவேணும்!"