வெள்ளைப் பெட்டி முனி

மாதாமாதம் குழாயை மாற்றும் காளிச்சாமி பெட்டியின் கதவைத் திறந்ததும் பின்னால் நகர்ந்து, வரப்பில் கால் தட்டி உட்கார்ந்துவிட்டான். உள்ளே பீங்கான் குழாய் மட்டும் நின்றது. அதைச் சுற்றிய துணியில் கனமாக அப்பியிருந்த கரும்பழுப்புப் பசையை யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். மூன்றாவது மாதமாக இதே கதை.

1976 தை மாதம், காலை ஏழு மணி. மீனாட்சிபுரத்துக்கு மேற்கே முனியப்பன் பொட்டலில், ஆளுயரக் கம்பத்தின்மேல் இருந்தது அந்த வெள்ளைப் பெட்டி. பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையின் புகையில் எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று அளக்க ஓர் ஆராய்ச்சிக் குழு அதை நட்டிருந்தது. காற்று புகுவதற்காக நாலு பக்கமும் மரச்சட்டங்களைச் சாய்த்து அடித்திருந்தார்கள். மலைக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று அந்தச் சந்துகளில் நுழைந்தால் பெட்டி முனகும். முனி குடிவந்துவிட்டது, உள்ளே இருப்பதைத் தின்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பட்டப்பகலில்கூட அந்தப் பக்கம் யாரும் மாடு ஓட்டுவதில்லை.

அதே குழுவில் டாக்டர் ரோசிக்கு வேலை வேறு. பக்கவாதம் வந்து பிழைத்தவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தால் மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. மூன்று மாதம் முன்பு ஒரே நாளில், ஒரே ஜீப்பில்தான் அவள் மாத்திரையும் இந்தப் பெட்டியும் ஊருக்குள் வந்து இறங்கின. இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். பேய்க்கதை அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்று நோயாளி வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டியருகே நின்றபோது, அது முனகியதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளை ஊருக்கு இழுத்துவந்தது வேறு வினை. அவளுடைய நோயாளி குப்பண்ணனுக்கு இரண்டு கையும் விழுந்துவிட்டது. மாத்திரையில் விஷம் என்று தம்பி பொங்கியண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். கூட வந்திருந்த ஏட்டு சென்னியப்பன் நல்ல மனிதர்தான். இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் காரணம் தெரியாவிட்டால் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். ரோசிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காரணம் தெரியாவிட்டால் குப்பண்ணன் பிழைக்கமாட்டார்.

“இது என்ன பசை, காளிச்சாமி?”

“தெரியலீங்க. தொட்டா சோப்புப் போட்டுக் கையைக் கழுவோணும்னு பெட்டி நட்ட சாரு சொன்னாருங்க.”

“ஊர்ல யார்ட்டயும் சொன்னீங்களா?”

“ஆரும் கேக்கலீங்க.”

கம்பத்தடியில் சூடம் எரிந்த கரி இருந்தது. அங்கிருந்து எறும்புகள் சாரியாக ஏறிப் பெட்டிக்குள் போயின. ரோசி கதவின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள். தேன்.

முனிக்குப் படையலாக இருக்கும் என்றார் ஏட்டு. படையல் வைக்கிறவன் கீழே வைப்பான், கதவுக்குள் ஏன் சிந்துகிறான் என்று ரோசி கேட்டாள். பெட்டி மறுபடி முனகியது. மூவரும் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்கள்.

குப்பண்ணன் வீடு தென்னந்தோப்புக்குள் இருந்தது. வாசலில் ரோசியின் கால் தானாக நின்றது. ஐந்து கோழிகள் சுள்ளென்ற வெயிலில் கண்ணை மூடி, சிறகைத் தொங்கவிட்டுச் சிலை மாதிரி நின்றன. ஏட்டு ஒன்றைக் காலால் மெல்லத் தள்ளினார். அது சாய்ந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே தூங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கோழிகள் சத்தமாகக் குப்பை கிளறிக்கொண்டிருந்தன.

“முனி பார்வைங்க” என்றாள் குப்பண்ணன் மனைவி மருதாத்தாள். ஐம்பது வயதிருக்கும். ராத்திரி பகலாகக் கண் விழித்ததில் முகம் ஒடுங்கியிருந்தது. இடுப்பில் செருகிய முந்தானை முடிச்சைக் கை விடாமல் பிடித்திருந்தது.

உள்ளே கட்டிலில் குப்பண்ணன். ஆறு மாதம் முன்பு வந்த வாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போனது. மூன்று மாதத்துக்கு முன் ரோசி பார்த்தபோது தடியூன்றி நடந்த மனிதர்; இப்போது தோல் வெளுத்து, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிடந்தார். ரோசி அவர் கைகளை முழங்கையில் பிடித்துத் தூக்கினாள். இரண்டு மணிக்கட்டும் வாடிய பூத்தண்டு போலத் தொங்கின. முகம் கோணவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறின் ஓரம் முழுக்க மெல்லிய நீலக்கோடு ஓடியது.

வெளியே வந்து பொங்கியண்ணனைக் கேட்டாள்.

“மாத்திரை யார் கொடுக்கிறது?”

“அண்ணிதானுங்க. வேற ஆரையும் கிட்ட உடாது.”

“விஷம்னு எப்படிச் சொல்லுதீங்க?”

“நீங்கதானுங்க சொன்னீங்க, பாதிப் பேத்துக்கு மருந்து, பாதிப் பேத்துக்கு வெறும் மாவுன்னு. எது ஆருக்குன்னு உங்களுக்கே தெரியாதுன்னும் சொன்னீங்க. டாக்டருக்குத் தெரியாம இருக்குமுங்களா? எதையோ மறைக்கறீங்க.”

ரோசிக்குக் கோபம் வரவில்லை. திரும்பிக் கோழிகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எல்லாரையும் வாசலுக்கு அழைத்தாள்.

முதலில் நோயைச் சொன்னாள். வாதம் மறுபடி வந்திருந்தால் ஒரு பக்கம் இழுக்கும், முகம் கோணும். இவருக்கு இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து விழுந்திருக்கிறது. வயிற்று வலி, வெளுத்த தோல், ஈறில் நீலக்கோடு எல்லாம் ஈயம் உடம்புக்குள் போனதன் அடையாளம். இந்த ஊரில் அவ்வளவு ஈயம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கந்தகத்தை அளக்க ஈயப் பசை அப்புவார்கள் என்று படித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது; பெட்டிக்குள் இருந்தது அதுதான். புகையிலுள்ள கந்தகத்தை அது பிடித்து வைக்கும்.

பொங்கியண்ணன் பாய்ந்து காளிச்சாமியின் சட்டையைப் பிடித்தார். ஏட்டுதான் விலக்கிவிட வேண்டியிருந்தது.

“அவரை விடுங்க. கொல்ல நினைக்கிறவங்க விஷத்தை அங்கயே தேன்ல குழைச்சுப் பதமாக் கொண்டுவர மாட்டாங்க. தேன்ல குழைக்கிறது மருந்தை. எடுத்தவங்களுக்கு அது மருந்து. முனிக்குப் பயந்து சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுட்டு, அப்படியும் எடுத்திருக்காங்க. அவ்வளவு ஆசை இந்த மனுஷன் பிழைக்கணும்னு.”

தோப்புக்கு அப்பாலிருந்து பெட்டியின் முனகல் கேட்டது.

“நாம எல்லாரும் பார்த்தும் பார்க்காம விட்டது இந்தக் கோழிகளை” என்றாள் ரோசி. “இந்த ஆராய்ச்சியோட மருந்து சர்ப்பகந்தி வேர்ச் சத்து. மனுஷனுக்கு ரத்த அழுத்தத்தை இறக்கும். கோழி தின்னா இப்படித்தான் நின்னுக்கிட்டே தூங்கும். அடுத்த வீட்டுக் கோழிக்கு ஒண்ணுமில்லை. அப்போ இந்த வீட்டு மாத்திரை இந்த வீட்டுக் கோழிக்குப் போயிருக்கு. மாத்திரை ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. மருதாத்தாம்மா, நீங்கதானே?”

மருதாத்தாள் அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கூட்டுக்காரருக்கு மாவுதான் உழுந்துதுன்னு நெனச்சனுங்க. எந்தக் காலத்துல எங்களுக்கு நல்லது உழுந்துது? அசல் மருந்தைப் பூதங் காக்கற மாதிரி பொட்டல்ல பெட்டி போட்டு வெச்சிருக்கறீங்கன்னு நெனச்சனுங்க. லேகியமாட்டமே இருந்துது. முனி அடிச்சா என்னைய அடிக்கட்டும்னு போனனுங்க.”

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யார்மேல் வழக்கு எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை. என்மேலும் எழுதுங்கள் என்றாள் ரோசி. பெட்டிக்குள் என்ன என்று ஊரிடம் சொல்லாதது எங்கள் குழுவின் குற்றம். எனக்கே தெரியாது என்று பாதியைச் சொல்லிவிட்டுப் போனது என் குற்றம்.

ஈயத்தை உடம்பிலிருந்து இறக்க ஊசி இருக்கிறது, கோயமுத்தூருக்கு உடனே கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வார், கையும் மெல்ல எழும்பும் என்றாள். பொங்கியண்ணனும் காளிச்சாமியும் சேர்ந்து குப்பண்ணனைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினார்கள். மருதாத்தாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்புமுன் ரோசியைக் கூப்பிட்டாள்.

“ஏனுங் டாக்டரம்மா, அப்ப அசல் மருந்து எங்கீங்க இருந்துது?”

பொய் சொல்லிவிடலாமா என்று ரோசி ஒரு கணம் நினைத்தாள். இந்த ஒரு வீட்டுக்கு விழுந்தது மருந்தா மாவா என்று மட்டும் இப்போது அவளுக்குத் தெரியும்.

“மாவு தின்னா கோழி தூங்காதும்மா” என்றாள்.

மருதாத்தாள் வாசலைப் பார்த்தாள். ஐந்தும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் இடுப்பிலிருந்து முந்தானை முடிச்சை உருவி அவிழ்த்தாள். உள்ளே ஒரு மாத்திரை.

“இன்னிக்கு இன்னும் கோழிக்குப் போடலீங்க” என்று சொல்லி, ரோசி தலையசைக்கும்வரை காத்திருந்து, அதைப் புருஷன் நாக்கில் வைத்தாள்.